இரண்டு பேர் ஆடும் கேசட்

முனீஸ் தன் பொம்மையை முந்தின நாள் சாயங்காலம் வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பியிருந்தான். காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் டிவியில் கேமைப் போட்டுப் பார்த்தபோது அது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது.

நீலச் சட்டை, கறுப்புத் தலை, கை கால் என்று சொல்லிக்கொள்ள நாலைந்து கட்டங்கள். அவ்வளவுதான் அந்தப் பொம்மை. பழைய டப்பா டிவியின் வெளிச்சத்தில் ஒரு காலை முன்னே வைத்து, ஒரு காலைப் பின்னே வைத்து, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. அப்படித்தான் அவன் எழுதியிருந்தான். ஆனால் அடுப்படியில் அவன் அதை விட்டுவிட்டுப் போகவில்லை. நதியா கை வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

முனீஸுக்கு நிட்டிங் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். துணியிலேயே பூவும் கோடும் விழும்படி பின்னுகிற மெஷினுக்கு, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போட்டு ஏற்றிவிட்டு, விடிய விடிய அதைப் பார்த்துக்கொள்கிற வேலை. நதியா எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பகல் ஷிஃப்ட்டோடு ஓவர்டைமும் சேர்த்துப் பார்க்கிறவள். அவன் வேன் ஏறிப் போன பிறகு அவளுடைய வேன் வந்து நிற்கும். அவள் போன பிறகு அவன் வருவான். ஊத்துக்குளி ரோட்டிலிருந்து சந்துக்குள் போனால் வருகிற அந்த லைன் வீட்டில், ஒரே கட்டிலில் பகலில் ஒருவர், இரவில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன் பெண்டாட்டி.

"இது குடும்பமா, லாட்ஜா?" என்று சித்திரையில் ஒருநாள் நதியா கேட்டாள். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீங்க பகல் ஷிஃப்ட்டுக்கு மாறலைன்னா நான் உடன்குடிக்கே போயிருதேன். எங்க அம்மைகிட்ட இருந்துக்கிடுதேன்."

சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

அவனுக்குப் பேச வராது. டிசைன் போட வரும். பழைய டிவி கேம் கேசட் சேர்க்க வரும். பீரோவில் துணிக்கு ஒரு தட்டு, மிச்சமெல்லாம் கேசட்தான். மஞ்சள், சிவப்பு, சாம்பல் என்று பழைய இரும்புக் கடைகளிலும் ரோட்டோரக் கடைகளிலும் பொறுக்கியவை. மேலே ஆயிரம் கேம் என்று ஒட்டியிருக்கும். உள்ளே பத்தே கேம் பேர் மாற்றி மாற்றி வரும். அந்தப் பித்தலாட்டம்கூட அவனுக்குப் பிடிக்கும். ஒவ்வொன்றையும் திருகாணி கழற்றித் திறந்து, உள்ளே இருக்கும் செம்புப் பற்களை ரப்பரால் தேய்த்து, கம்பெனியில் பனியன் கறை எடுக்கிற மருந்தில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, செத்துப்போன பொத்தான் பேட்டரிக்குப் பதில் புதுசு வைத்து மூடுவான். கேசட்டை ஊதினால் ஓடும் என்பது பொய், எச்சில்தான் படும் என்று ஆள் கிடைத்தால் அரைமணி நேரம் பாடம் எடுப்பான். வெளிநாட்டில் சில கிறுக்கர்கள் அந்தப் பழைய டிவி கேம் பெட்டிக்கு இன்றைக்கும் புதுசாகக் கேம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவனும் எழுதக் கற்றுக்கொண்டான்.

அப்படி நதியாவுக்காக எழுதிய கேசட் இது. இதில் எதிரி கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. அவர்களுடைய ஒற்றை அறை மட்டும் இருக்கும். இடது ஓரம் பீரோ, நடுவில் கட்டில், அப்புறம் அடுப்படி, வலது ஓரம் வாசல். ஆளுக்கொரு பொம்மை, ஆளுக்கொரு ரிமோட். வீட்டுக்கு வந்தவர் தன் பொம்மையை உள்ளே கூட்டி வரலாம். குடத்தைத் தூக்கி வாசலில் வைத்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். கட்டிலில் பூ வைத்தால் என்ன அர்த்தம் என்று இருவரும் சொல்லிக்கொண்டதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது பொம்மையை வாசல் வழியாக வெளியே நடத்திவிட வேண்டும். பேட்டரி இருப்பதால் டிவியை அணைத்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். நதியா முதலில் சிரித்தாள். பிறகு அவளும் ஆடத் தொடங்கினாள். காலையில் அவன் வந்து பார்க்கும்போது கட்டிலில் பூ இருக்கும்.

அன்றைக்குப் பூ இருந்தது. பூவோடு, அடுப்படியில் அவன் பொம்மையும் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நதியா போன் செய்தாள். பின்னால் நூறு பெண்களின் பேச்சும் டிபன் மூடிகளின் சத்தமும் கேட்டன.

"என் பொம்மைய நீ நகத்துனியா?" என்று கேட்டான்.

"உங்க ரிமோட்ட நான் எதுக்குத் தொடுதேன்? எனக்கு என்னுதே ஒழுங்கா ஓட்ட வராது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கெடக்கட்டும். நேத்து கேட்டீங்கள்லா, கருவாட்டுக் குழம்பு. இன்னைக்கு வச்சிரட்டா?" என்றாள்.

"நான் எப்போ கேட்டேன்?"

"நேத்து சாயங்காலந்தான். தூக்கக் கலக்கத்துல பேசுதீங்க. படுங்க, மணியடிச்சிட்டான்."

நேற்றுச் சாயங்காலம் அவள் கம்பெனியில் இருந்தாள். அவன் வேனில் இருந்தான். முந்தின நாளும் அப்படித்தான். போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். லைன் வீட்டில் பகல் என்பது இரவை விட மோசம். எல்லோரும் வேலைக்குப் போய்விட, வரிசையாகப் பூட்டிய கதவுகள், கொடியில் காயும் துணிகள், எங்கோ ஒரு மெஷினின் விடாத இரைச்சல், சாயப்பட்டறைப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது மட்டும் வருகிற அழுகின முட்டை வாடை. ஜன்னலில் கட்டியிருந்த கம்பெனிக் கழிவுத் துணி வழியாக வெயில் மஞ்சளாக வந்து பீரோவின் மேல் விழுந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். தட்டுக் கூடையில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்தியிருந்தன. இரண்டு டம்ளர்கள். ஒன்று அவனுடையது.

இரண்டு நாள் கழித்து, வேனிலிருந்து இறங்கி வந்தவனை முன் வீட்டு சென்னம்மாள் நிறுத்தினாள். லைன் வீடு அவளுடையதுதான். வாடகைக்காரர்கள் எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான்.

"ஏங்கண்ணு, நேத்து பொழுதோட நீயும் அம்மணியும் அப்படி என்னதான் சிரிச்சீங்க? எம்பட ஊட்டு டிவிச் சத்தத்தையே அமுக்கிப் போட்டுச்சே."

"நானா? நான் வேலைக்குப் போயிட்டேனே அம்மா."

"பின்ன அந்த ஆம்பளக் குரலு..." என்று தொடங்கியவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். "எனக்கென்ன சாமி தெரியும். காது வேற மந்தமாயிருச்சு."

அவள் காது மந்தமில்லை. மாடியில் யாராவது குழாயைச் சரியாக மூடாவிட்டால் கீழே இருந்தே கண்டுபிடிக்கிற காது அது.

முனீஸ் கதவைத் திறந்து உள்ளே போனான். அவனுடைய துண்டு ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தான். தேங்காயெண்ணெய், வேர்வை, மெஷின் ஊசிக்கு விடுகிற எண்ணெய். நிட்டிங் கம்பெனிக்காரன் மேல்தான் அந்த எண்ணெய் வாசம் வரும்.

பிரதீப் என்ற பேர் அப்போதுதான் மனதில் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

அதே கம்பெனியில் பகல் ஷிஃப்ட் ஆப்பரேட்டர் அவன். ஊத்துக்குளிக்காரன், தெற்கத்தி ஆள்களிடம் அண்ணா போட்டுப் பேசுகிற மரியாதைக்காரன், முனீஸைப் போலவே கேசட் பித்து. சாயங்காலம் முனீஸ் வந்து மெஷினை வாங்கிக்கொண்டதும் பிரதீப் பைக்கை எடுத்துக்கொண்டு இதே ரோட்டில்தான் வீட்டுக்குப் போவான். அந்தக் கேசட்டைப் பற்றி நதியாவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இரண்டு தடவை வீட்டுக்கு வந்து ஆடியும் பார்த்திருக்கிறான். நீலச் சட்டைப் பொம்மையைத்தான் எடுத்து ஆடினான் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நதியா தலைக்குக் குளித்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிடலாம். கேட்டால் அவள் பதில் சொல்வாள். பதில் வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்டான்.

"தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போடணுமா?"

"எதுக்கு? இப்பதாம் எல்லாம் சரியாயிட்டுல்லா."

"என்ன சரியாச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர். "நீங்கதாம். முன்ன மாதிரியா இருக்கீங்க? வேலைக்குப் போறதுக்கு முன்ன தெனமும் எங்கூட உக்காந்து சாப்பிடுதீங்க, பேசுதீங்க. எத்தன வருசமா கேட்டேன் இத. வேன் லேட்டா வர ஆரம்பிச்சதும் நல்லதாப் போச்சு."

வேன் லேட்டாக வருவதில்லை. அவள் தோளில் கை வைக்கப் போனவன் வைக்காமல் எடுத்துக்கொண்டான். இவ்வளவு அழகாக ஒரு பொய்யைச் சொல்ல இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? கண் கூசாமல், உரித்த வெங்காயம் கையில் இருக்க, என் முகத்தைப் பார்த்தே சொல்கிறாளே.

மறுநாள் வேலைக்குப் போகும்போது பொம்மையை வெளியே அனுப்பிவிட்டுத் தன் ரிமோட்டை வயரோடு பெட்டியிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். இனி எவன் வந்தாலும் அந்தப் பொம்மையை அசைக்க முடியாது. ராத்திரி முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றபடி பைக்குள் கை விட்டு ரிமோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

காலையில் டிவி மெதுவாகச் சூடேறிப் படம் வந்தது. அவன் பொம்மை கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

உட்காருகிற படத்தை அவன் வரையவே இல்லை.

பொம்மை நடக்கும், குனிந்து எடுக்கும். அவ்வளவுதான் எழுதியிருந்தான். இது காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தது. திரையின் இடது ஓரத்தில், பீரோ இருந்த வரிசை மட்டும் லேசாக மினுக்கியது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். பற்களில் அழுக்கு என்று நினைத்து இரண்டு தடவை கழற்றித் தேய்த்தும் போகவில்லை. அவன் டிவியை அணைத்தான். அணைத்த பிறகு அறை மிகவும் அமைதியாக இருந்தது. நிஜப் பீரோ சுவரை ஒட்டி நின்றது. ஒட்டி என்று சொல்ல முடியாது, ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி. என்ன நினைத்தானோ, அதற்குள் கையை விட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. பகல் வெயில் ஏறாத பக்கம். சில்லென்று இருக்க வேண்டிய இடம் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஆள் எழுந்துபோன பாய் போல.

கையை எடுத்துக்கொண்டான். அன்றைக்கும் தூங்கவில்லை.

சாயங்காலம் கேசட்டையே கழற்றிக்கொண்டு போய், மெஷினை வாங்கிக்கொள்ளும்போது பிரதீப்பின் கையில் கொடுத்தான். "மினுக்குது, என்னன்னு பாரு" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைக் கவனித்தான். கள்ளம் எதுவும் தெரியவில்லை. கள்ளம் தெரியாத முகம்தான் ஆபத்தானது என்று அவனுக்குத் தோன்றியது. சந்தேகப்பட ஆரம்பித்தவனுக்கு எந்த முகம் கிடைத்தாலும் தோதாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் பிரதீப் மெஷின் பக்கத்திலேயே கேசட்டோடு காத்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ணா, அழுக்கெல்லாம் இல்லீங்க. வேற ஒண்ணு கண்டுபுடிச்சேன். உங்க ஊட்டுக்கு வெளியவே இல்லீங்ணா."

"என்ன சொல்லுத?"

"வாசலுக்கு அந்தாண்ட நீங்க ஒண்ணுமே போடலீங்க. நம்ம துணிக்குப் போடற மாதிரியே போட்டு உட்டுட்டீங்க." சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்த துணியைக் காட்டினான். "வலதோரம் போனா இடதோரம் வந்துருது. பொம்மை வாசல்ல வெளிய போறதில்லீங்க. சுத்தி வந்து பீரோவுக்குப் பொறகால நின்னுக்குது. பீரோ மறைக்கறதால, போயிருச்சுன்னு நாம நெனச்சுக்கறோம்."

முனீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட்ட மெஷினில் துணி குழாயாகத்தான் இறங்கும். அதற்கு ஓரம் கிடையாது. டிசைனின் வலது விளிம்பு இடது விளிம்போடு சேருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பத்து வருஷம் அதையே செய்தவன் வீட்டையும் அப்படியே போட்டுவிட்டான். வேறு எவனாக இருந்தாலும் முதலில் தெருவைத்தான் வரைந்திருப்பான். பொம்மை உள்ளேயே இருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்த நிம்மதியில் அவன் பிரதீப்பின் தோளைக்கூடத் தட்டினான்.

"மினுக்கறதும் அங்கதானுங்க," என்றான் பிரதீப். "உங்களுக்குத் தெரியாததுங்களா? ஒரே வரிசைல பொம்மை அதிகமா நின்னா அந்தப் பெட்டியால எல்லாத்தையும் ஒட்டுக்கா காட்ட முடியாது, மாத்தி மாத்திக் காட்டும். அதான் மினுக்கு."

"நான் போட்டது ரெண்டு பொம்மைதானே."

"அதானுங்ணா நானும் ரோசன பண்றேன். பீரோவுக்குப் பொறகால எத்தன பேரத்தான் நிக்க வெச்சிருக்கீங்க?" வேடிக்கையாகச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தான். "அப்பறம் சொல்ல மறந்துட்டனுங்க. நேத்து உங்க ஊட்டு வழியாத்தான் போனேன். ஊர்ல இருந்து தம்பி வந்திருக்காருங்களா? ஜன்னல்ல நின்னுட்டு இருந்தாரு. அச்சு அசல் உங்கள மாதிரியேங்ணா. இப்பத்தான இவர மெஷின்ல உட்டுட்டு வந்தோம்னு ஒரு நிமிசம் எனக்கே பக்குன்னு ஆயிருச்சு."

முனீஸுக்குத் தம்பி கிடையாது. அண்ணனும் கிடையாது.

நேற்று கேசட்டும் அந்த வீட்டில் இல்லை.

வயிறு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு பிரதீப்பின் பைக்கில் ஏறிக்கொண்டான். முன்னால் இருந்தவனின் முதுகை இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்காக வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. இவனில்லை என்றால் யார்? இவனாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. ஆளாவது தெரிந்த ஆள்.

சந்து முனையில் இறக்கிவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்ணா" என்று சொல்லி பிரதீப் போனான். பேக்கரியில் இன்னும் கூட்டம் இருந்தது. ஒரு கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. வடக்கத்திப் பையன்கள் தங்கியிருந்த அறையிலிருந்து போனில் இந்திப் பாட்டு கேட்டது. முனீஸ் சந்துக்குள் நடந்தான். நாலு வீடு தாண்டியதும் பேக்கரிச் சத்தம் நின்றது. குறையவில்லை, நின்றது. இந்திப் பாட்டு நடுவரியில் அறுந்தது. சென்னம்மாள் வீட்டு டிவி ஓடவில்லை. நாய்கள் இல்லை. காற்றில் சாய வாடை இல்லை, எந்த வாடையும் இல்லை. திரும்பிப் பார்த்தால் ரோடு தெரியும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

கழிவுத் துணி ஒரு பக்கம் விலகியிருந்தது. அதன் வழியாகப் பார்த்தான்.

நதியா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவன். இரண்டு தட்டு. நதியா ஊசி குத்திய விரலை நீட்டிக் காட்ட, அவன் அதைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு பேசினான்.

"அடுத்த மாசத்துல இருந்து பகல் ஷிஃப்ட்டு கேட்டிருக்கேன். இனி எங்கயும் போகமாட்டேன்."

முனீஸ் அந்த வார்த்தைகளை அறிவான். எத்தனையோ ராத்திரி மெஷின் பக்கத்தில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். ஒரு தடவைகூட வெளியே வராத வார்த்தைகள். குரலும் அவனுடையதுதான். நதியா அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் அப்படி வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கையின் மேல் பொறாமையாக இருந்தது.

தண்ணீர்ச் செம்பை எடுக்க உள்ளே இருந்தவன் திரும்பினான்.

முனீஸின் முகம். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கண்ணுக்கடியில் கருப்பு இல்லை. பத்து வருஷமாகக் கண்ணாடியில் காணாத முகம்.

அது ஜன்னலைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. திடுக்கிடவில்லை. எழுந்து வந்து, கொசு வராமல் சாத்துகிறவன் போல ஜன்னல் கதவை நிதானமாகச் சாத்தியது.

முனீஸ் வாசலுக்கு ஓடினான்.

கதவில் கையை வைத்தான். மரக்கதவுதான், ஆனால் சில்லென்று இருந்தது.

தகரம்.

தட்டினான். தகரம்தான் அதிர்ந்தது. உள்ளே ஏதோ பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகள். அவனுடைய கேசட்டுகள்.

பின்னால் நகர்ந்தான். முதுகில் சுவர்.

சந்து இல்லை. தெரு விளக்கு இல்லை. மூக்கு தகரத்தில் இடித்தது. இடது பக்கம் ஒரு நூல் அளவு வெளிச்சம் செங்குத்தாக நின்றது. அதில் கட்டிலின் ஒரு கால் தெரிந்தது. அவர்களுடைய கட்டில். நதியாவின் சேலை முந்தானை.

"நதியா!"

தட்டின் மேல் கை நின்ற சத்தம்.

"ஏங்க, பீரோவுக்குப் பின்னால என்னமோ கேக்குல்லா?"

"எலியா இருக்கும்," என்றது அவன் குரல். "நீ சாப்பிடு. நாளைக்கு மருந்து வைக்கேன்."

"நதியா, நான் இங்க இருக்கேன். நதியா..."

அவள் சிரித்தாள். எதற்கு என்று தெரியவில்லை. இவனைப் பார்த்து அல்ல.

மறுபடி கத்த வாயைத் திறந்தான். வலது பக்க இருட்டிலிருந்து ஒரு கை வந்து மெதுவாக அவன் வாயைப் பொத்தியது. மெஷின் எண்ணெய் வாசம். தோளில் ஒரு பை இடித்தது, வேலைக்குக் கொண்டுபோகிற பை. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு மூச்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று. இருட்டுக்குள் வரிசையாக, நெருக்கிக்கொண்டு, போய்க்கொண்டே இருந்தன மூச்சுகள்.

"கத்தாத," என்று காதோரம் அவன் குரலே சொன்னது. "நாங்களும் கத்திப் பாத்தோம்."

அறையில் விளக்கு அணைந்தது. நதியா கட்டிலுக்கு நடந்து வருகிற சத்தம் கேட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.